பலகைக்கு முன்னால் ஒரு சத்தம்

அம்மா தலையில் உப்பு நிறைந்த இரும்புப் பாண்டோடு உப்பள வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பாரத்தோடு கழுத்தை வளைக்க முடியாது, காலடி தெரியாது. வழியில், பாத்திக்குத் தண்ணீர் விட வரப்பை வெட்டிய மடை. அதன் குறுக்கே ஒரு பலகை, இரண்டு பாதம் அகலம்தான் இருக்கும். நூறு தடவை பார்த்த காட்சி. அன்றைக்கு மட்டும், அவள் கால் மிகச் சரியாகப் பலகையில் ஏறியபோது எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. பார்க்காமல் எப்படித் தெரிகிறது? கால் எண்ணுகிறதா? மூளைக்குள் இந்த வரப்பு வரைந்து கிடக்கிறதா?

விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று அலைந்துகொண்டிருந்தேன். அந்த வாரமே முடிவு செய்தேன்: காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ், மூளை எப்படி அறிகிறது என்கிற படிப்பு, முதுகலை.

‘ஏன் இந்தப் படிப்பு’ என்று விண்ணப்பத்தில் இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். வெறும் ஆசையை எழுத எனக்குப் பொறுமை ஏது? ஆய்வே செய்துவிட்டேன். அம்மாவோடு வேலை செய்கிறவர்களையும் சேர்த்து ஏழு பேர். கண்ணைத் துண்டால் கட்டி, காலிப் பாண்டைத் தலையில் வைத்து, வழக்கம்போல வரிசையாக நடக்கவிட்டேன். ஏழு பேரும் பலகையைக் கடந்தார்கள். ஒருத்தியும் தடுமாறவில்லை. போனில் வீடியோவும் எடுத்தேன். ‘காலின் நினைவு மட்டுமே துணை’ என்று எழுதி, எல்லாம் உண்மை என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

இந்தத் திங்கட்கிழமை மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை நேர்காணல், ஆன்லைனில். ஆய்வைப் பற்றிப் பேசுவோம், வீடியோவையும் காட்டுங்கள்.

மறுநாள் சான்றிதழ் நகல் எடுக்கப் புதுச்சேரி பஸ் ஏறினேன். இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோவைப் போட்டேன். கூனிமேடு தாண்டுவதற்குள் கேட்டுவிட்டது. பலகையில் ஏறும் ஒவ்வொருத்தியும் நாக்கைத் தட்டி ‘த்ச்’ என்கிறாள். பின்னால் வருகிறவளுக்கு. கடைசியில் வந்தவள்கூட, பழக்கத்தில். ஏழு தடவை. முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏம்மா, அன்னிக்குப் பலகைல ஏறச்ச சத்தம் குடுத்தீங்களா?”

“குடுக்காம? பின்னாடி வர்றவ மடைல விழுந்து எழுந்திருக்கவா?”

“கண்ணக் கட்டிதான நடக்கச் சொன்னேன். அது டெஸ்டும்மா!”

“கண்ணத்தான கட்டுன. வாயக் கட்டுனியா?”

வரிசையில் முதலில் நடந்த பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று சிரித்தாள். “நீ வயித்துல இருந்தப்பவே கேட்ட சத்தம்டி அது. பழகிப்போன காது, உனக்கு எங்கேர்ந்து கேக்கும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.  முன்னால் எந்தச் சத்தமும் கேட்காமல் கடந்தது, முதலில் போன அந்த அத்தை ஒருத்திதான். மீதி ஆறு பேரும் காதால் நடந்திருக்கிறார்கள். நான் எழுதியது பொய். வேண்டுமென்றே எழுதவில்லைதான், ஆனாலும் பொய். கண்டுபிடித்தால் சீட்டு போகும். நானே சொன்னாலும் போகலாம்.

வீடியோவில் சத்தத்தை எடுக்க ஒரு தொடுதல் போதும். கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நல்லவளாக இருப்பதால் அழுத்தாமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். பயம். சத்தம் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டால் செத்தேன். யாரும் கேட்காவிட்டால் அதைவிட மோசம்: சத்தமில்லாமல் அம்மாவுக்குப் பலகை தெரியுமா தெரியாதா என்பது எனக்கே தெரியாமல் போகும்.

நேற்று ராத்திரியே மெயில் எழுதினேன். என் ஆய்வில் பிழை, ஏழு பேர் இல்லை, ஒருவர்தான்.  பதில் இன்னும் வரவில்லை. மெயில் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

இன்று புதன். நாளைக் காலை, உப்பு வாரத் தொடங்கும் முன், ஒவ்வொருவராக நடக்கவிடப் போகிறேன். கண்ணில் துண்டு, காதில் பஞ்சு. முன்னால் யாரும் கிடையாது. கூப்பிட்டபோது அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

“மொதல்ல நீ நடந்து காட்டு. விழுந்தா அதையும் எழுது.”

பஞ்சு வாங்கி வைத்துவிட்டேன். மடையில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர் இருக்கும். முதலில் நான், அடுத்து அத்தை, மூன்றாவது அம்மா.