காகம் தொடாத ஈரல்

கல்யாணமாகிப் பாம்பனுக்கு வந்தபின் எனக்கு அது முதல் கிறிஸ்துமஸ். என்னென்ன சமைப்பது என்பதை மாமியார் என்னிடமே விட்டிருந்தார். ஒரு வாரமாக யோசித்து வைத்த விருந்தில் ஆமைக்கறிதான் முக்கியம். விடியற்காலையில் என் கணவர் கடலிலிருந்து ஆமையோடு வந்தார்.

எங்கள் கரையில் ஆமையை அறுத்ததும் ஈரலில் ஒரு துண்டைக் காகத்துக்குப் போடுவோம். அது தின்னாவிட்டால் கறியில் விஷம் இருக்கிறதென்று புதைத்துவிடுவோம். அன்று காகம் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"காக்கா தின்னுச்சாத்தா?" பூசைக்குக் கிளம்பிய மாமியார் வாசலிலிருந்து கேட்டார்.

ஒரு காகத்துக்காக என் முதல் விருந்தைக் குழியில் போடுவதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"தின்னுருச்சு அத்தே" என்றேன்.

மதியம் மாமியார் ரசித்துச் சாப்பிட்டார். "நல்லாருக்குத்தா, இன்னும் ரெண்டு துண்டு வையி" என்றார். வைத்தேன்.

சாயங்காலம் அவருக்குத் தொண்டை எரிந்தது. மூன்றாம் நாள் அடக்கம் செய்தோம். பரிமாறிவிட்டு ஒரு வாய் மட்டும் தின்ற நானும், இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்ட என் கணவரும் வாந்தியெடுத்துப் பிழைத்தோம்.

காகம் ஏமாற்றிவிட்டது என்றே அவர் கடைசிவரை நம்பினார். முற்றத்தில் காகம் இறங்கினால் கல்லை எடுத்து எறிவார். ஒருநாளும் நான் அவர் கையைப் பிடித்ததில்லை.