நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பேனர் டிசைன் செய்கிற இலக்கியாவுக்கு எதிலும் ஒரு குறை கண்ணில் பட்டுவிடும். காதுகுத்து பேனரில் தாய்மாமன் படம் சித்தப்பா படத்தைவிட அரை அங்குலம் சின்னதாக இருந்தால், சண்டை போடப்போகிற தாய்மாமனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். சாம்பாரில் உப்பு சரியாகவே இருந்தாலும், "கொஞ்சம் முன்னாடியே போட்டுட்டீங்க" என்பாள். சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் போடுகிற அவள் அம்மா ராணியம்மாள், "இவளக் கட்டிக்கினு எவன் மாரடிக்கப் போறானோ" என்று புலம்பிப் புலம்பி, மகளுக்கு முப்பத்துமூன்று வயது ஆனதும் அதையும் விட்டுவிட்டார்.

அந்தக் குணம்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இணையத்தில் அவள் தமிழில் எழுதும் விளையாட்டு விமர்சனங்களை இரண்டாயிரம் பேர் படிக்கிறார்கள். கேரம், செஸ் பற்றியெல்லாம் இல்லை. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, விதிப்புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆடுகிற கதை விளையாட்டுகள். அதில் அவளுக்கு உயிர் 'கடைசி முகாம்'. பெரும் போரில் உலகமே அழிந்துபோகிறது. கட்டளை போட ஆளில்லாமல் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் படை வீடு திரும்ப நடக்கிறது. டீசல் இல்லை, மருந்து இல்லை. சுடுவதைவிடக் குடிக்கத் தண்ணீர் தேடுவதில்தான் ஆட்டமே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவார்கள். ஆட்டத்தை நடத்துவது இலக்கியா. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அஜித் எப்போதும் மெஷின்கன்காரன். வக்கீல் குமாஸ்தா வெற்றிவேல், விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிற சுபேதார். மூன்றாவது ஆள் ஜெயப்பிரகாஷ், தனியார் லேபில் ரத்தம் எடுக்கிறவன், படைக்கு மருத்துவன். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே இருக்கிறது அவன் ஊர். மற்ற இருவரும் துப்பாக்கியைத் தூக்கினால் அவன் எந்தக் கிழங்கை எத்தனை தண்ணீரில் வேகவைக்கணும் என்று சொல்வான். வாராவாரம் அவன் வாயிலிருந்து அவன் அம்மா செல்லியம்மாள் பற்றி ஏதாவது ஒரு கதை வந்துகொண்டே இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவிழாவுக்கு எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப்போனான். செல்லியம்மாளுக்கு இலக்கியாவை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஏறிப் பாரு பொண்ணே" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு பரணுக்கு ஏற்றிவிட்டார். விறகுக்குப் பின்னால், சாம்பல் கலந்த விதைச் சாமை சுரைக்குடுக்கைகளில் இருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம் பிள்ளைகள் பசியில் அழுதபோதும் அதில் கைவைக்கவில்லை என்று சொன்னார். வெளி ஆட்களுக்குக் காட்டுகிற இடமில்லை அது.

அந்தச் சமயம்தான் 'கடைசி முகாம்' முதல் பதிப்புக்கு அவள் விமர்சனம் எழுதினாள். பாராட்டிவிட்டுக் கடைசியில் ஒரு குட்டு வைத்தாள். ஊர் என்று எழுதி நாலு கட்டம் போட்டால் போதுமா? விதையை எங்கே வைப்பார்கள், பசித்தாலும் எதைத் தொடமாட்டார்கள் என்று தெரியாதவன் பசியைப் பற்றி என்ன எழுதுகிறான்? விளையாட்டை இங்கிலீஷில் வெளியிடுகிற கம்பெனிக்கும் அதை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தாள்; அங்கிருந்து பதில் வந்தது. புதுப் பதிப்பில் இந்திய மலைகளும் வருகின்றன, நீங்களே எழுதித் தர முடியுமா? இலக்கியாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு பக்கம் எழுதி, வீட்டின் படத்தைத் தானே கம்ப்யூட்டரில் வரைந்து, ஏணி வைக்கிற இடத்துக்கு அம்புக்குறியும் போட்டு அனுப்பினாள். ஜெயப்பிரகாஷைக் கேட்கணும் என்று தோன்றவே இல்லை. ஆடுகிறவர்கள் விதையைப் பார்த்துவிட்டு, தொடாமல் விட்டுப்போவார்கள் என்று நினைத்தாள். அவ்வளவு வெள்ளந்தி.

போன மாதம் புதுப் பதிப்பு வந்தது. செங்கல் கனத்தில், வழவழ காகிதத்தில். தண்ணீர் அத்தியாயம் அரைப்பக்கமாகச் சுருங்கிவிட்டது. துப்பாக்கிகளுக்கு அறுபது பக்கம். புரட்டும்போதே அவளுக்கு முகம் சுளித்தது. ஆனாலும் முழுக்கப் படிக்கவில்லை, தான் எழுதிக் கொடுத்ததைக்கூட. ஆடிப் பார்க்காமல் படித்துவிட்டு எழுதுகிறவனை அவளுக்குப் பிடிக்காது. ஆடும்போது பக்கம் வரவர சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள், அப்படித்தான் அதன் லட்சணம் தெரியும் என்பாள்.

படை மலையேறியது. சோறு தீர்ந்திருந்தது. இலக்கியா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.

"உணவு பறித்தல்: மலை வீடுகள். பரணில் விறகுக்குப் பின்னால் தேடவும். சாம்பல் கலந்த விதை இருக்கும். பகடையில் மூன்றுக்கு மேல் விழுந்தால் படைக்கு ஆறு நாள் உணவு. வீட்டுக்காரி தடுத்தால்..."

அவள் புத்தகத்தை மூடப்போனாள். அதற்குள் அஜித் உருட்டிவிட்டான்.

"அஞ்சு! ஆறு நாளுக்குக் கவலையில்ல மச்சான்!"

ஜெயப்பிரகாஷ் எழுந்து புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினான். அவள் வரைந்த படம் அப்படியே இருந்தது, அம்புக்குறியோடு. வீட்டுக்காரி தடுத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு மூன்று வழிகள் கீழே கொடுத்திருந்தார்கள். மூன்றுக்கும் புள்ளிகள் உண்டு.

"இது எங்க வூடு" என்றான். "அக்கா, இத யார் சொன்னது?"

"நான்தான் ஜேபி."

"எங்கம்மா ஏணியப் புடிச்சிக்கினு உன்ன ஏத்திவுட்டாங்களே..."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். "விளையாட்டுதானே, இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்" என்று வெற்றிவேல் சொன்னதற்கு, இலக்கியா அவனையும் அஜித்தையும் வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை முழுக்க இறக்கினாள். நன்றிப் பக்கத்தில் முதல் பெயரே அவளுடையது. பசியைப் பற்றிக் கதை எழுதுகிறோம் என்று விதையைத் தின்னச் சொல்லிக்கொடுக்கிறவன்கள், அவன்களுக்கு வழிகாட்ட ஏணி வரைந்து கொடுத்த தான். யார் மேல் அருவருப்பு அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு நாளில் விமர்சனம் எழுதி முடித்தாள். ஒன்பது பக்கம். கம்பெனியைக் கிழிகிழியென்று கிழித்து, தன்னையும் விடாமல், அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துப்போட்டு வரிக்கு வரி காறித் துப்பியிருந்தாள். அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். வெளியிடுவதற்கு முன்னால் இந்தத் தடவை ஜெயப்பிரகாஷுக்கு அனுப்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

"நல்லாத்தான் இருக்குது. செம்மயா கிழிச்சிக்கீற."

"போடட்டுமா?"

"பரண், விறகு, சாம்பல், எல்லாம் இதுலயும் இருக்குதேக்கா. புக்கு வாங்காதவனுக்கும் இனிமே தெரியும்." கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ திட்டறதுக்கும் எங்க வூடுதான் வேணுமா?"

இலக்கியாவுக்குச் சுருக்கென்றது. ஒன்பது பக்கத்தில் அவளுக்குத் தெரியாமல் போன குறை அது.

அவன் எதிரிலேயே அழிக்க ஆரம்பித்தாள். பரண் போனதும் மூன்றாம் பக்கம் நிற்கவில்லை. சாமை போனதும் ஆறாம் பக்கம் அர்த்தமில்லாமல் போனது. தன்னைத் திட்டிக்கொண்ட பக்கம்கூடச் செல்லியம்மாளைச் சொல்லாமல் நிற்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டு வரி.

"இந்தப் பதிப்பை வாங்காதீர்கள். காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

இரண்டாயிரம் பேருக்கும் கோபம். என்ன காரணம், வாயை மூடக் கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டாயா, எழுதச் சரக்கு தீர்ந்துவிட்டதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டார்கள். ஒரு கேள்வியைக்கூடப் பதில் சொல்லாமல் விடாதவள், ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. தன் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். அடுத்த அச்சில் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரகாஷ் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தான். அஜித்துக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். பழைய பதிப்பைத்தான் ஆடினார்கள். அவன் முறை வந்தபோது பகடையை உருட்டினான், விழுந்த எண்ணைச் சொன்னான், அடுத்தவனிடம் தள்ளினான். கிழங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டீ குடிக்கும்போது இலக்கியா மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா எப்படி இருக்காங்க ஜேபி?"

"இருக்காங்க" என்றான்.