பத்து இருபதுக்குத் திறந்த கதவு

மூன்று தட்டு. கொஞ்ச நேரம் காத்திருப்பு. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு குரல். பிறகுதான் பையின் வாரை அவிழ்ப்பார். வீட்டுக்காரன் நானே சாவியைத் தொலைத்துவிட்டுப் பக்கத்தில் அசடு வழிய நிற்கிறேன். உள்ளே ஈ காக்கை கிடையாது. சொன்னால், "இருக்கட்டும் சார். கதவுன்னா தட்டணும்" என்பார். இந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை சாவியைத் தொலைத்தவன் என்பதால் அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

பெரியவர்களுக்கு அவர் பூட்டுக்காரர். பிள்ளைகளுக்கு டொக்டொக் மாமா. செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். வயது ஐம்பத்தெட்டு. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். வேலைக்கு நடுவே கையைத் திருப்பாமலே மணி தெரிய வேண்டுமாம். அவசரப்படுத்தினால் தலை நிமிராமல், "பதறாத காரியம் சிதறாது சார்" என்பார். பூட்டு களுக்கென்றதும், "ம், வந்துட்டான்" என்பார். அவருக்குப் பூட்டுகள் எல்லாமே ஆண்பிள்ளைகள்தான்.

கதவை மட்டும் அவர் தள்ள மாட்டார். நாம்தான் தள்ள வேண்டும். அதற்குள் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, நீல அட்டை நோட்டில் என்ன பூட்டு, எத்தனை மணிக்குத் திறந்தது என்று எழுதி, திறக்கச் சொன்னவரிடம் கையெழுத்து வாங்குவார். இளவயதில் ஒரு வீட்டில் மோதிரம் காணாமல் போய், பூட்டைத் திறந்த இவர் தலையில் பழி விழுந்ததாம். மோதிரம் அலமாரிக்கு அடியில் கிடைத்தது. பழி சொன்னவர்கள் அதை வந்து சொல்லவே இல்லை. அன்றைக்குத் தொடங்கியது இந்த நோட்டு.

காவல் நிலையத்துக்கும் அவர்தான் ஆள். பூட்டிய வீட்டில் சோதனை என்றால் கூப்பிட்டு அனுப்புவார்கள். அங்கே கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: "பேப்பர் இருக்கா சார்?" நீதிபதி கையெழுத்திட்ட சோதனை உத்தரவைத்தான் அப்படிச் சொல்வார். அதைக் கையில் வாங்கிப் படித்த பிறகே தட்டுவார். முப்பது வருடத்தில் ஒரே ஒரு முறை கேட்காமல் இருந்துவிட்டார்.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் போன பிறகு நான்கு மிஷின்களை வைத்தே இரண்டு மகள்களைக் கரையேற்றியவர். போன வருடம் ஷட்டரை நெம்பி நான்கையும் தூக்கிப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் ஜீப்பை இவர் கடை வாசலில் நிறுத்தி, "உங்க அக்கா மிஷின் இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு, ஏறுங்க" என்றார். போய் இறங்கியது பூட்டிய ஒரு வாடகை வீடு. "பேப்பர் பின்னாடியே வருது. நீங்க தொறங்க." அக்காவின் மிஷின் என்றதும் பூட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேப்பரும் கேட்கவில்லை, கதவையும் தட்டவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? திறந்ததும் நோட்டை நீட்டிவிட்டார். மணி பத்து இருபது. கீழே இன்ஸ்பெக்டர் கையெழுத்து. உள்ளே நான்கு மிஷின்களும் சாக்கு போர்த்தி நின்றன.

உத்தரவில் நீதிபதி கையெழுத்திட்டதோ பன்னிரண்டே முக்காலுக்கு. சோதனை நடந்தது ஒரு மணிக்கு என்று போலீஸ் அறிக்கையில் எழுதிவிட்டார்கள். அந்த வீட்டில் குடியிருந்து, திருட்டுக்காகப் பிடிபட்டவனின் வக்கீல், கதவைத் திறந்தது யார் என்று விசாரித்து, பூட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்தார். உத்தரவில்லாமல் ஒரு வீட்டுக்குள் புகுந்து எடுத்த பொருளை இங்கே நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. அந்த மிஷின்களை விட்டால் வழக்கில் வேறு சாட்சியமும் இல்லை.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் அக்கா இவருடைய கடைக்கு வந்தார். நான் சாவி வெட்டிக்கொள்ள நின்றிருந்தேன்.

"ஏன்டா தம்பி, நோட்டு தொலைஞ்சு போச்சு, மணி ஞாபகமில்லன்னு சொல்லிட்டுப் போயேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"நோட்டு என் பையிலதானே இருக்குக்கா."

"திருடுனவன் சிரிச்சுக்கிட்டே வெளியில வருவான்டா."

"வருவான்." அரத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கு ரெண்டு மணி நேரம் பொறுத்திருந்தா உள்ள இருந்திருப்பான். கேக்காம தொறந்தது நான். அதுக்கு மேல பொய்யும் சொல்லணுமாக்கா?"

அக்கா படியிறங்கினார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆவல் தாங்காமல் நானும் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். அரசு வக்கீல் மடக்கினார்: "உங்க கடிகாரம் சரியா ஓடுதுன்னு என்ன நிச்சயம்?" பூட்டுக்காரர் மணிக்கட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "கோர்ட்டு கடிகாரம்தாங்க ஆறு நிமிஷம் பின்னால ஓடுது." நீதிபதி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேளுங்கள் என்றார். இன்ஸ்பெக்டரால் தன் கையெழுத்தை மறுக்க முடியவில்லை. அடுத்த மாதம் பிடிபட்டவன் விடுதலையானான். மிஷின்கள் அக்காவிடம் வந்து சேர்ந்தன. வழக்கு முடியும்வரை காவல் நிலையத்தில் எட்டு மாதம் ஈரத்தில் கிடந்ததில் இரண்டு துருவேறிப் போயிருந்தன. எனக்கே பூட்டுக்காரர்மேல் கோபம் வந்தது. அவர் இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

போன வாரம் காலை, அக்கா கடையின் புதுப் பூட்டு சிக்கிக்கொண்டது. அக்கா சொல்லி அனுப்பவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் வந்து சொன்னார். பூட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு விரைந்தார். சாவி வெட்டக் கொடுத்திருந்த நானும் பின்னாலேயே போனேன். அக்கா முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். இவர் ஷட்டரை மூன்று முறை தட்டினார். காத்திருந்தார். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

பூட்டு களுக்கென்றது. வழக்கமான "வந்துட்டான்" வரவில்லை. நோட்டை எடுத்துப் பூட்டின் விவரம் எழுதினார். மணி எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. அக்கா திரும்பி நோட்டையும் பேனாவையும் வெடுக்கென்று பிடுங்கினார். தம்பியின் கையைப் பற்றி, மணிக்கட்டைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிக் கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பது நாற்பத்தேழு என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.