நார்மல் என்றொரு ரிப்போர்ட்

ஒருத்தரை அசையாமல் படுக்கவைத்து, கூட வந்தவர்கள் ஆடுவதைச் சமாளிப்பவனுக்குத்தான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் என்று பெயர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவதிப்படும் சகாக்களுக்கு இது புரியும்.

தாயத்து

டாலிகஞ்சில் எங்கள் ஸ்கேன் சென்டர். ஜாதவ்பூரில் படிக்கும் சௌமிக்கை அப்பா, அம்மா, மாமா மூவரும் அழைத்து வந்தார்கள். சில மாதமாக அவன் காதில் யாரோ பேசுகிறார்கள். மனநல டாக்டர் மாத்திரை தொடங்கிவிட்டு, மூளையில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்.

"பையனுக்கு ஒண்ணுமில்லை, பரீட்சை டென்ஷன்" என்றார் அப்பா. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று சட்டையைக் கழற்றச் சொன்னால், சௌமிக் கை முழுக்கத் தாயத்து. "அப்ப இதெல்லாம் எதுக்கு காக்கு?" என்று அப்பாவை மெதுவாகக் கேட்டேன். இந்த ஊரில் அப்பா வயதுக்காரர்களைக் காக்கு என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒண்ணுமில்லாமலே இருக்கணும்ல, அதுக்கு."

மாமாவின் ஆராய்ச்சி

இப்படிக் காதில் குரல் கேட்கும் நோயில் மூளை சுருங்கும் என்று மாமா மொபைலில் படித்திருந்தார். ஸ்கேன் முடிந்ததும் என் கம்ப்யூட்டர் திரையில் விரல் வைத்து, எங்கே சுருங்கியிருக்கிறது, காட்டு என்றார்.

ஆரம்ப நிலையில் மாற்றம் மிக நுட்பமானது. பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் சாம்பல் பகுதி கொஞ்சம் மெலிந்ததும், நடுவில் நீர் நிற்கும் அறைகள் கொஞ்சம் அகன்றதும் தெரியும். ஒருத்தர் படத்தை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது என்றேன்.

"சராசரியாச் சொல்றதுக்கு இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு தம்பி, நானே போதுமே."

சந்தேஷ்

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது: நார்மல். அப்பா ஓடிப்போய் சந்தேஷ் வாங்கிவந்து எனக்கும் ஒன்று தந்தார். இன்றோடு மாத்திரை நிறுத்தம் என்று அறிவித்தார்.

வாயில் இனிப்போடு, "கட்டி இல்லைன்னுதான் அர்த்தம், காக்கு. நோய் இல்லைன்னு அர்த்தமில்லை. டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்றேன். என் குரல் ஏ.சி. சத்தத்தைத் தாண்டியதில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது.

"படம் எடுக்கறது உன் வேலை. அர்த்தம் சொல்ல நாங்க இருக்கோம்."

இன்னொரு குரல்

அதுவரை பேசாமல் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த சௌமிக் நிமிர்ந்தான். "காதுல பேசறவனும் மாத்திரையை நிறுத்துன்னுதான் சொல்றான், பாபா. நீங்களும் அவன் கட்சியா?"

அப்பா கையிலிருந்த சந்தேஷ் வாய்க்குப் போகவில்லை. மாமா மொபைலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மாதான் சந்தேஷ் பெட்டியை மூடினாள்.

"மீதியை டாக்டர்கிட்ட குடுத்துட்டு, அவரையே கேட்டுக்கலாம். எழுந்திரிங்க."

அன்றைக்கு அப்பாவையும் மாமாவையும் அதே மெஷினில் படுக்கவைத்திருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வந்திருக்கும் என்பதால், அந்த வார்த்தைமேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.