கன்னத்தில் மறைத்தது

ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள்.

“கொழுப்பு கொறைஞ்சிருக்கும்மா. ஆனா அழற்சி கொறையல. அது குழாயை உள்ளேருந்தே கெடுக்கும். ஒடம்புல எங்கயாச்சும் புண்ணு, சீழு இருக்கா? பொகையில போடுவீங்களா?”

“இல்ல சார்” என்றேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அது பொய். பல வருடமாக என் ஈறில் சீழ். வலி மரத்துப்போக அங்கேயே புகையிலையை அடக்கிக்கொள்வேன். ஆண்பிள்ளை முன்னால் நாறும் வாயைத் திறக்கக் கூச்சம்.

மறுபடி ரத்தம் எடுக்க அனுப்பினார். ஊசி குத்திய நர்ஸ் பெண் என் முகத்தையே பார்த்தாள்.

“கன்னத்துல இன்னா ஆயா, முட்டாயா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எங்கம்மாவும் இப்படித்தான் மறைச்சிகினு இருந்துச்சு. துப்பிட்டு வந்து காட்டு.”

வாயைத் திறந்தேன். அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் கூடவே வந்து நின்றாள். நானே சொன்னேன்.

“பொய் சொல்லிட்டேன் சார்.”

அவர் திட்டவில்லை. “பொகையில ரத்தக்குழாயைத் துரு மாதிரி அரிக்கும்மா. அதை விட்டுடுங்க. ஈறை பல் டாக்டர் பாப்பாரு” என்றார்.

புகையிலையை விடுவதற்குப் படாத பாடு பட்டேன். ஈறு ஆறியது. போன மாதம் பார்த்தபோது அழற்சி பாதியாகக் குறைந்திருந்தது. மாத்திரை தொடர்கிறது.

அசிங்கம் என்று நான் ஒளித்ததை அந்தப் பெண் நோயாக மட்டும்தான் பார்த்தாள். அறுபத்தைந்து வயதில் எனக்கு அதுவே பெரிய தைரியமாக இருக்கிறது.