சூசைக்குச் சூசை கொடுத்து விட்ட பணம்

சுண்ணாம்புக் காளவாய் சூசை, மேலத்தெரு யோசேப்புக்கு அறுபது ரூபாய் கடன் பட்டிருந்தார். 1951-இல் யோசேப்பு ஆடு விற்றுக் கொடுத்த பணம். அதை வைத்துத்தான் சூசை இலுப்பூரில் காளவாய் போட்டார். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் அவர் சுட்ட சுண்ணாம்பு பூசாத மச்சுவீடு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. காலேஜ் படித்தவன் எவனாவது அப்படிச் சுட்டுக் காட்டட்டும், பார்க்கலாம்!

கடன் தீராததற்குக் காரணம் ஒரு நாய். சூசை கத்தோலிக்கர், யோசேப்பு லுத்தரன் சபை. காளவாய் போட்ட சந்தோஷத்தில் சூசை வீட்டில் யோசேப்புக்குக் கறிச்சோறு. இலையில் சோறு விழுந்ததும் சூசை, "சேசுவே" என்று ஜெபத்தை ஆரம்பித்தார்.

"ஏசுன்னு சொல்லுப்பா" என்றார் யோசேப்பு.

சேசுவா ஏசுவா என்று இருவரும் எழுந்து நின்று கத்திய நேரத்தில் நாய் வந்து இரண்டு இலையையும் வழித்துவிட்டது. அது லுத்தரன் நாய் என்றார் சூசை. இல்லை, பூசைக்குப் போகிற நாய் என்றார் யோசேப்பு. அன்றோடு பேச்சு நின்றது.

வேடிக்கை என்னவென்றால், மாதாவின் புருஷரைக் கத்தோலிக்கர் சூசை என்பார்கள், லுத்தரன்காரர்கள் யோசேப்பு என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பேர்! "அவன் பேரும் சூசைதான். யோசேப்புங்கிறது என் வாயில வராது" என்று சூசை ஊரறியச் சொல்லித் திரிந்தார்.

1958 ஐப்பசி மழையில் யோசேப்பின் உழவுமாடு ஒன்று செத்துப்போனது. மறுநாள் சந்தையில் மாடு பிடிக்காவிட்டால் அந்த வருஷ வெள்ளாமையே போச்சு. கேள்விப்பட்ட சூசைக்குச் சோறு இறங்கவில்லை. கறம்பக்குடியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த வண்டிக்காரன் நாகராசுவைக் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

"மேலத்தெருவுல சூசைன்னு கேளு. குடுத்துட்டு வா."

போனவன் போன வேகத்தில் திரும்பினான்.

"இந்தாங்க மொதலாளி, ஒங்களுக்குத்தான் பணம். மேலத்தெருவுல கலப்பையோட ஒருத்தர் உக்காந்திருந்தாரு. சூசை யாருங்கன்னேன். 'காளவாய்ல கெடப்பான், அங்கிட்டுப் போ'ன்னு வெரட்டுனாரு. சரியா இருக்கா, எண்ணிப் பாத்துக்கிருங்க."

சூசைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. வாசலுக்கு வந்த மாட்டுப் பணத்தை அந்தப் பாவி யோசேப்பு தானே விரட்டிவிட்டான். விரட்ட வைத்தது யார் வாய்?

பணத்தைச் சட்டைச் சேப்பில் சொருகிக்கொண்டு சேற்றில் நடந்தார். யோசேப்பு வீட்டு வாசலில் நின்று, "யோ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"எவன்டா அது, யோவ்ங்கிறது?" என்று யோசேப்பு கலப்பையோடு எழுந்தார்.

சூசை மூச்சை இழுத்துப் பிடித்து, "சேப்பு!" என்றார்.

"சேப்புல என்ன?"

"ஒன் பணம்டா! ஒன் பேரத்தான்டா சொன்னேன். ஏழு வருசமாச் சொல்லாத பேரு, ரெண்டா ஒடஞ்சு வருது. எம் மேலதான் தப்பு."

யோசேப்பு கலப்பையைக் கீழே வைத்தார். "நானும் அந்தப் பயகிட்ட ஒரு வார்த்த நல்லாப் பேசியிருந்தா நீ சேத்துல நடந்திருக்க வேணாம். உள்ள வா சூசை. நல்ல மாடா அமையணும்னு ஒரு ஜெபம் பண்ணு. சேசுன்னே சொல்லு, போ."

"நீ ஏசுன்னே சொல்லு. ஆனா மொதல்ல கைய நீட்டு. ஜெபத்துல எறங்குனோம்னா நாய் வந்துரும்."

யோசேப்பு கையை விரித்தார். அறுபதோடு நிற்காமல் சூசை எண்ணிக்கொண்டே போனார்.

"அறுவதுதானப்பா?"

"மாட்டு வெல ஏறிப்போச்சு, பேசாம இரு" என்று எச்சில் தொட்டு, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு என்று அந்தக் கையில் எண்ணி வைத்தார்.