தேங்காய் மட்டையோடு போட்டி

பிள்ளைகளே, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் நெடுந்தூரப் போட்டிக்கு நான் தயாரான கதையை யாராவது உங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். சிரிப்பு அவர்களுக்கு, எரிச்சல் எனக்கு. அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. தஞ்சோங் காராங் பக்கத்து எஸ்டேட் எண்ணெய் ஆலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. உங்களில் மூத்தவளுக்கு இரண்டு வயது. மலாய்ப் பத்திரிகை ஒன்றில் என் வயதுக்காரர் ஒருவர் கடலிலிருந்து எழுந்து சைக்கிளை நோக்கி ஓடும் படம் வந்திருந்தது. அதை நானும் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடலில் இரண்டு கிலோமீட்டர், சைக்கிளில் தொண்ணூறு, ஓட்டம் இருபத்தொன்று. கடலை ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் முடிக்காதவனைப் படகில் தூக்கிப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். அதோடு சரி, சைக்கிளைத் தொடவே முடியாது.

சைக்கிளும் ஓட்டமும் என் உடம்புக்குப் பழகின. ஊருக்குத்தான் பழகவில்லை. ரோட்டில் ஓடினால் எதிரே வருகிறவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "யாருக்கு என்ன ஆச்சு? ஏறு, கொண்டுபோய் விடறேன்" என்பார். சும்மா ஓடுகிறேன் என்றால் நம்பமாட்டார். சைக்கிளில் போனாலோ, ஆலைக் கூட்டாளி மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து, காலை நீட்டி என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவான். "களைச்சுப் போய்ட்ட லா, மிதிக்காம சும்மா உக்காரு." அன்பாகத் தள்ளுகிறவனை எவ்வளவுதான் திட்டுவது?

நீச்சலுக்கு இடம் தேடுவது அதைவிடப் பெரிய தொல்லை. எங்கள் பக்கத்துக் கடற்கரை முழுக்கச் சேறு. ஆற்றில் முதலை இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில், நெல் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய கால்வாயில் இறங்கினேன். மேல் பாலத்துக்கும் கீழ்ப் பாலத்துக்கும் இடையே கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் மீட்டரில் சரியாக இரண்டு கிலோமீட்டர். மேல் பாலத்தில் சைக்கிளை நிறுத்துவேன், கீழ்ப் பாலம்வரை நீந்துவேன், கரையோரமாக ஓடித் திரும்புவேன். ஒரே வேலையில் இரண்டு பயிற்சி என்று எனக்குள் பெருமை வேறு.

முதல் மாதம் ஐம்பது நிமிடம் ஆனது. பிறகு நாற்பத்திரண்டு. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தைந்து. அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மதகுகளைத் திறந்து மூடும் வேலை செய்த அண்ணன் ஒருவர் பாலத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடமே போய்ச் சொன்னேன்.

"முப்பத்தஞ்சு நிமிசம், அண்ணே."

அவர் புகையை விட்டுவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீ எப்பவும் இந்தப் பக்கமாத்தான் போவியா?"

"ஆமாண்ணே."

"நாத்துக்குத் தண்ணி வேணும்னு நேத்துதான் எல்லா மதகையும் முழுசாத் திறந்துவிட்டேன். நீ படுத்துத் தூங்கினாக்கூட கீழ்ப் பாலத்துக்குப் போயிருப்ப லா."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகாமல் ஒரு தேங்காய் மட்டையை எடுத்து மேல் பாலத்திலிருந்து போட்டேன். அது மிதக்க மிதக்க, கடிகாரத்தைப் பார்த்தபடி கரையில் கூடவே நடந்தேன். கைகால் இல்லாத அந்த மட்டை ஐம்பத்தைந்து நிமிடத்தில் கீழ்ப் பாலத்தைத் தொட்டது. அப்படியென்றால் தண்ணீர் தள்ளியதைக் கழித்து என் சொந்த நீச்சல் எவ்வளவு? அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். நிற்கும் தண்ணீரில் எனக்கு ஒன்றரை மணிக்கும் மேலே ஆகும். ஐந்து மாதம் நான் நீந்தியதாக நினைத்ததில் பாதிக்குமேல் தண்ணீர் நீந்தியது.

மறுநாளிலிருந்து, இழுப்பு குறைவான கரையோரமாக எதிர்நீச்சல். கரையில் ஒரு தாழம்புதர் இருந்தது. அரை மணி நேரம் கையைக் காலை அடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் அதே புதர். வயலுக்குப் போகும் பெண்கள் நின்று பார்த்தார்கள். "என்ன தொலைச்சிட்டு தேடறாரு?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி "புத்திய" என்றாள். வாயில் தண்ணீர் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்படியே மூன்று மாதத்துக்குமேல் போனது. அறுப்புக்காக மதகுகளை மூடினால் இரண்டு மூன்று நாள் கால்வாயில் தண்ணீர் அசையாமல் நிற்கும், பிறகு வடித்துவிடுவார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மூடியது ஒரு வியாழக்கிழமை. போட்டிக்கான விண்ணப்பப் பாரத்தைச் சனிக்கிழமைக்குள் தபாலில் போட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கைக்கடிகாரத்தோடு அவள் கரையில் நடந்தாள்.

நிற்கும் தண்ணீர் எவ்வளவு கனம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி தூரத்தில் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கால்வாயில் ஆழமில்லை, காலை ஊன்றினால் நிற்கலாம். இரண்டு முறை ஊன்றினேன். கீழ்ப் பாலத்தைத் தொட்டபோது உங்கள் அம்மா கடிகாரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஒரு மணி பதினாறுங்க."

நான் சேற்றில் நின்று மூச்சு வாங்க, அவளே தொடர்ந்தாள்.

"ஆறு நிமிசம்தானே கூட? அங்க கடல்ல அலை வந்து கொஞ்சம் தள்ளிவிடாதா?"

"இத்தன மாசம் தள்ளிவிட்டது போதாதா உனக்கு?"

"எம்மேல ஏன் பாயறீங்க? நானா தள்ளினேன்?"

அதுவும் நியாயம்தான். காலை ஊன்றியதை அவள் பார்க்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். கடலில் ஊன்றத் தரை இருக்காது, அந்த ஆறு நிமிடம் ஆறோடு நிற்காது. அவள் மூத்தவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அப்ப இந்த வருசம் பாரத்தப் போட வேணாம்" என்றாள். நான் சொல்வதற்கு முன்னால் அவள் சொன்னது எரிச்சலாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அந்த வருடம் பாரத்தை அனுப்பவில்லை.

அடுத்த வருடத்துக்கு இப்போதே பழகலாம், தண்ணீர் நாளைக்கும் நிற்கும், கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வா என்றேன்.

"நாளைக்குத் துணி கெடக்கு," என்றாள். "வேணும்னா அதையும் கொண்டாரேன். நீங்க நீந்துங்க, நான் துவைக்கிறேன்."